நாயின் கண் மட்டத்தில்

நின்றபடி எடுத்த படத்தில் நாய் மட்டும் இருந்தது. தாடை தரையில் படப் படுத்து எடுத்த படத்தில் நாயின் கழுத்தில் ஒரு சின்னக் கை இருந்தது. மணிக்கட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. நகங்களில் பாதி உதிர்ந்த சிவப்புச் சாயம். அது மகளின் கைதான் என்பதில் தையற்காரிக்குச் சந்தேகமே வரவில்லை. சாயம் பூசிவிட்டவள் அவள்தானே.

மகள் போய் நான்கு வருடம். தையற்காரி துணி கொடுக்கப் போயிருந்த ஒரு மதியம், கொல்லைத் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கவில்லை. பட்டன் என்று அந்தப் பிள்ளையே பெயர் வைத்த நாய், பிள்ளை விழுந்த தொட்டியோரம் நின்று கால் மணி நேரம் விடாமல் குரைத்தது. இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பன், "சனியனே, வாய மூடு" என்று செருப்பை விட்டெறிந்தான். நாய் மூடியது, மூடியதுதான். பிறகு தபால்காரரைக் கண்டும் குரைக்கவில்லை, பூனையைக் கண்டும் குரைக்கவில்லை. செருப்பு விஷயம் அவனுக்கும் நாய்க்கும் மட்டுமே தெரியும்.

இந்த வருடம் நாயின் பின்னங்கால்கள் விழுந்தன. ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்றார் மருத்துவர். தையற்காரி, நாய் பூனைகளைப் படமாக வரைந்து தரும் ஒருத்தியைப் போனில் பிடித்தாள்.

"அக்கா, போட்டோ நல்லா இருந்தாத்தான் படம் நல்லா வரும். மேலேருந்து எடுக்காதீங்க, மண்டை பூசணிக்கா மாதிரி வந்துடும். தரையில படுத்து, அது கண்ணு மட்டத்துக்கு எடுங்க. ஃப்ளாஷ் வேணாம், ஜன்னல் வெளிச்சம் போதும்."

கை அகப்பட்டது அப்படித்தான். ஒரே வாரத்தில் நூற்றுப் பத்துப் படம் எடுத்தாள். கணவனையும் கூப்பிட்டாள்.

"ஒரு தடவ படுத்துப் பாருங்களேன்."

"இடுப்பு வலிக்குது, படுக்க முடியாது."

"பகலெல்லாம் படுத்துத்தானே கெடக்குறீங்க?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஓவியக்காரி திரும்ப அழைத்தாள். "ஒரு கை குறுக்க விழுது அக்கா. கை, கயிறெல்லாம் எடுத்துட்டுத்தான் வரைவேன்."

"இந்தக் கைய எடுத்தா எனக்குப் படமே வேணாம்மா."

"சரி, சரி. வாய் மட்டும் கொஞ்சம் தொறந்திருந்தா சிரிக்கிற மாதிரி இருக்கும்."

"அது வாயத் தொறந்து நாலு வருஷமாச்சு."

நாய் செத்த மறுநாள் படம் வந்தது. கை அப்படியே இருந்தது. வாயை மட்டும் ஓவியக்காரி தன் இஷ்டத்துக்குத் திறந்து வைத்திருந்தாள். தையற்காரி அதைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

அன்று மதியம் மூன்று மணிக்குப் படம் குரைத்தது. தூக்கத்திலிருந்தவனின் கை பழக்கத்தில் செருப்பைத் தேடிப் போய், பாதியில் நின்றது. அவன் தவழ்ந்து வந்து, படத்தின் முன் தாடை தரையில் படப் படுத்தான்.

"எழுந்துட்டேன்டா பட்டன். எழுந்துட்டேன், எழுந்துட்டேன்."

மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவளின் கால் நின்றது.

"அன்னைக்கும் குரைச்சுதா?"

"குரைச்சுது."

அன்றும் சரி, பிறகும் சரி, அவள் அவனுக்குச் சோறு போட்டாள். முகத்தைப் பார்த்துப் போடவில்லை.

படம் இன்றும் தினம் மூன்று மணிக்குக் குரைக்கிறது. அவன் எழுந்து கொல்லைக்குப் போய், தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே பார்த்து, மூடிவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகே ஓய்கிறது. பக்கத்து வீட்டுக்காரி அந்தச் சத்தம் கேட்டுத்தான் காய்ந்த துணியை எடுக்கிறாள்.