இரண்டாவது பொட்டலம்

வாசலில் சின்னவளின் குழந்தையை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கொல்லைப்புறக் குழாயடியில் தன் மகனின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். குழாயை முழுக்கத் திறக்கவில்லை. சத்தம் கேட்டால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

சின்னவள் அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. பழைய பாட்டில் குடோனில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து மூடி கழற்றுகிறவர்கள். இன்று விடிகிற நேரத்தில் சின்னவளின் பெண் குழந்தை போய்விட்டது. வயிற்றுப்போக்கு. அதே போக்கு இப்போது பெரியவளின் மகனுக்கு. செத்த வீட்டில் இதை எந்த வாயால் சொல்வது?

"அங்க தூக்குறாங்க, இங்க என்னடி துவைப்பு?" பக்கத்து வீட்டுத் தையற்காரி வந்து நின்றாள்.

"கஞ்சியக் கொட்டிட்டான்க்கா."

தையற்காரி மூக்கை உறிஞ்சினாள். "இப்படி நாத்தமடிக்கிற கஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்." குரலைத் தாழ்த்தினாள். "கம்பவுண்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடு. அவர் போட்ட ஊசிதானே நேத்து சட்டுனு நிறுத்துச்சு?"

நிறுத்தியது உண்மைதான். அதற்கு முன்னால் சின்னவள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். நர்ஸ் இரண்டு பொட்டலம் கொடுத்தாள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, குழந்தை துவண்டால் உடனே தூக்கி வா என்றாள். சின்னவள் முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள்.

"உப்பையும் சர்க்கரையையும் குடுத்து அனுப்பிட்டாங்கக்கா. ஊசிகூட ஆளப் பாத்துத்தான் போடுவாங்களோ?"

கரைத்துக் கொடுத்தாள். குழந்தை குடித்தது, போனது. மறுபடி குடித்தது, மறுபடி போனது. "ஓட்டைக் குடத்துல ஊத்துற மாதிரி இருக்குடி. ஊத்த ஊத்தப் போகுது" என்றவள் பெரியவள்தான். தம்ளரைப் பிடுங்கி வைத்தவளும் அவள்தான். கம்பவுண்டர் வீட்டில் குழந்தையின் கால் உதறாமல் பிடித்துக்கொண்டவளும் அவளே. "தண்ணி கிண்ணி குடுத்துடாதீங்க, வயிறு காயட்டும்" என்று சொல்லி அனுப்பினார் கம்பவுண்டர். ஊசிக்குப் பிறகு போக்கு நின்றது. அழுகையும் நின்றது. வீடே மூச்சு விட்டது. பெரியவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தாள்.

துணியைப் பிழிந்து உதறிவிட்டு உள்ளே வந்தாள். ஆண்கள் போய்விட்டிருந்தார்கள். சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். மூலையில் பெரியவளின் மகன் பாயில் சுருண்டு கிடந்தான்.

"நாக்கு மரக்கட்டையா இருந்துச்சு" என்றாள் சின்னவள், யாரையும் பார்க்காமல். "குளிப்பாட்டறப்ப ஒரு வாய் ஊத்திப் பாத்தேன். கன்னத்துல வழிஞ்சிடுச்சு."

பெரியவள் ஈரத் துணிகளைக் கொடியில் போட்டாள்.

"ம்மா, தண்ணி" என்றான் பையன்.

"ஸ்ஸ். அப்புறம்."

"தண்ணிம்மா."

சின்னவள் தலையைத் திருப்பினாள். பையனைப் பார்த்தாள். கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த துணிகளைப் பார்த்தாள்.

"அவனுக்கு எப்பலேருந்துக்கா?"

"எது?"

"அக்கா."

பெரியவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "விடியக்காலைலேருந்து. நீ இருக்கற நெலமைல எப்படிடி சொல்லுவேன்?"

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ரசம் போன கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டு, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தாள். வாசல்படி ஓரம் அடுக்கியிருந்த பாட்டில்களில் ஒன்றைப் பார்க்காமலே உருவினாள். எது அரை லிட்டர், எது ஒரு லிட்டர் என்று அந்தக் கைக்குத் தெரியும். கழுவி, காய்ச்சி மூடி வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக் கொட்டிக் குலுக்கினாள்.

"தூக்கு அவன. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தையற்காரி வாசலை மறித்தாள். "நீ எங்கடி கிளம்பிட்ட? போனவங்களே இன்னும் வந்து சேரல. நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். வழிய விடுங்க."

தெருமுனையில் இடதுபுறம் கம்பவுண்டர் வீட்டின் பச்சைக் கேட் தெரிந்தது. பெரியவளின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. சின்னவள் நிற்கவில்லை. வலதுபுறம் திரும்பி நடந்துகொண்டே இருந்தாள். பெரியவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பின்னாலேயே ஓடினாள்.

சின்னவள் பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றிப் பையனின் வாயில் வைத்தாள். குடித்தான். இன்னொரு மூடி. சிறிது தூரம் போனதும் பெரியவளின் இடுப்பில் வெதுவெதுப்பாக வழிந்தது.

"பாரு, போகுதுடி."

"போகட்டும்."

"ஊத்த ஊத்த..."

"ஊத்தணும்க்கா."

எதிரே ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சின்னவளின் புருஷன். தோளில் மண்வெட்டி, முழங்கை வரை மண். வழியில் இவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எங்க?" என்றான்.

சின்னவள் நிமிரவில்லை. மூடியில் தண்ணீரைச் சாய்த்தாள். அது நிரம்பி விரலில் வழிந்தது. பையன் வாயைத் திறந்தான்.