ஏழால் பெருக்கினால்

மிளகாய் வத்தலை முகர்ந்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவான் வியாபாரி பெருமாள்சாமி. மனுஷனை எடைபோடுவதில்தான் ஆள் கொஞ்சம் மட்டம். அப்பா போனபின் தங்கை கோமதித்தாயை வளர்த்து ஆளாக்கியவன் அவன். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. சுதந்திரம் வந்த நாலாம் வருஷம், கரிவலம்வந்தநல்லூர்க் கணக்கு வாத்தியார் காசிராஜன் சங்கரன்கோவிலுக்குப் பெண் பார்க்க வந்தான். மத்தியான பஸ்ஸுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுக்கீக?" என்று பேச்சுக்குக் கேட்டதுதான் தப்பு. மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தரையில் 142857 என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதிவிட்டான்.

"அண்ணாச்சி, இதை ரெண்டால பெருக்குங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெருக்கலா? பெருமாள்சாமி முழித்தான். மாப்பிள்ளையே பெருக்கினான்: 285714. மூன்றால்: 428571. அப்படியே ஆறு வரைக்கும் போனான்.

"பாத்தீகளா? அதே ஆறு இலக்கந்தான். வரிசைகூட மாறல. தேர் மாதிரி சுத்திச் சுத்தி வருது."

உண்மைதான். புதுசாக ஒன்று வரவில்லை, பழசில் ஒன்று போகவில்லை. பெருமாள்சாமிக்கு உள்ளூரப் பயமாகிவிட்டது. இது கண்கட்டு வித்தையா? பையன் மேதாவியா, அரைக் கிறுக்கா?

"வீட்லயும் இப்படித்தான்" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன், காராச்சேவைக் கொறித்துக்கொண்டே. அது பெருமையா, புலம்பலா என்றும் விளங்கவில்லை. கிறுக்கனுக்குக் கொடுத்துவிட்டால் தங்கை முகத்தில் எப்படி முழிப்பது? விரட்டிவிட்டால் நாலாவதாக ஒருத்தன் வருவானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் அடுக்களைக்குள் போனான்.

அங்கே காப்பி ஆறிக் கிடந்தது. கோமதித்தாய் தரையில் அரிசிமாவைப் பரப்பி விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் கிறுக்குப் புடிச்சிட்டா?"

"அவுக ஏழால ஏண்ணே பெருக்கல? அங்கன சுத்து நின்னுபோகுது. எல்லாம் ஒம்பது, பாருங்க!"

மாவில் 999999 என்றிருந்தது. அவள் சொன்னது கூடம்வரை கேட்டுவிட்டது. எந்த மாப்பிள்ளையும் செய்யாத காரியமாகக் காசிராஜன் எழுந்து அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டான்.

"எட்டால?" என்றான்.

அவள் நிமிரவில்லை. விரல் மாவில் ஓடியது.

"பதினோரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பத்தாறு. ஏழு இலக்கமாயிட்டு." உதட்டைக் கடித்தாள். "ஆனா தலையில நிக்கிற ஒண்ணைத் தூக்கி வால்ல கூட்டுனா, பழைய எண்ணே வந்துருது!"

"அதேதான்! ஒம்பதுக்கு?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் பெருமாள்சாமி தூண் மாதிரி நின்றான். ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை. அதுதான் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. சோறாச்சா என்பதைத் தவிர இந்த வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. அவனும்தான்.

கூடத்திலிருந்து தாய்மாமன் குரல் கொடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. என்ன முடிவு?"

பெருமாள்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தான்.

"என்னைய கேக்காதீக. அவுக ரெண்டு பேரும் ஒம்பதுல நிக்காக."