இளவரசியின் குரல்

தியோடோரா தான் ஓர் அரசன் மகள் என்று முதல்முறை சொன்னபோது, கிழவிக்கு வயதுபோய் அறளை பெயர்ந்துவிட்டது என்றுதான் கோணேஸ்வரி நினைத்தாள். நினைக்காமல் என்ன செய்வது? ரொறொன்ரோ நகரத்தின் நடுவிலே, லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஒரு பழைய அப்பார்ட்மெண்டிலே, நீர் கோத்து வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சப்பிக்கொண்டிருக்கிற மனுசி "நான் இளவரசி" என்றால் யார்தான் நம்புவார்? "ஓம் மேடம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு அவளுடைய முதுகைத் துடைத்துவிட்டாள்.

பிறகுதான் சுவரில் இருந்த படத்தைச் சரியாகப் பார்த்தாள். அரண்மனைப் படிக்கட்டு, முடி சூடிய தகப்பன், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு குமர்ப்பெண். கிழவியின் மூக்கு அப்படியே அந்தக் குமரின் மூக்கு. மலைகளுக்கு நடுவே வெல்தாரியா என்று ஒரு சின்ன நாடாம். உலக யுத்தத்தில் ஒருவன் வந்து பிடித்தான், அவனை அடித்து விரட்டிவிட்டு இன்னொருவன் பிடித்தான், அரசன் செத்தான், மகள் ஓடினாள். எந்தத் தேசமானால் என்ன, யுத்தக் கதை என்றால் இந்தக் கதைதான்.

கோணேஸ்வரியும் ஓடி வந்தவள்தான். திருகோணமலைப் பக்கம். தொண்ணூற்றொன்றில் கணவன் கனகசிங்கத்தோடு வந்து, ரொறொன்ரோவின் ஓரத்தில் மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் குடியிருந்தாள். அவனுக்கு பிளாஸ்டிக் ஃபக்ரரியில் வேலை. அவளுக்கு வயதுபோனவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்க்கிற வேலை. கிழவியுடைய இங்கிலீசும் அவளுடைய இங்கிலீசும் நொண்டி. ஆனாலும் கிழவியும் அவளும் அந்த நொண்டிப் பாஷையிலேயே நாள் முழுக்கக் கதைத்தார்கள். ஒருத்தி சொல்லில் தடக்கினால் மற்றவள் கையைக் காட்டி எடுத்துக்கொடுப்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தியோடோரா கடுமையானவள். "என் பாஷை பேசுகிற ஒருவருக்கும் நான் இங்கே இருப்பது தெரியக்கூடாது" என்று வேலைக்கு வந்த முதல் கிழமையே சொல்லிவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. கோணேஸ்வரியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இவ்வளவு பொல்லாப்பும் வந்திராது.

தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் குளிருக்குள் கிழவி படுத்த படுக்கையானாள். இதயம் களைத்துவிட்டது, இனி அதிக நாளில்லை என்றார் டொக்டர். அன்று முதல் கோணேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசி வாய்க்குத் தண்ணி விடவும் ஒரு சொந்தச் சனமில்லாமல் போகப்போகுது" என்றாள் கணவனிடம்.

"அவ தானே ஆரும் வேண்டாமெண்டவ."

"கோபத்திலை ஆர்தான் சொல்லாயினம்? உங்கட குஞ்சியம்மா தமக்கை தன்ர செத்தவீட்டுக்கும் வரப்படாதெண்டு மண்ணள்ளித் திட்டினவ. கடைசியிலை ஆரின்ர மடியிலை தலை வைச்சுச் செத்தவ? தமக்கையின்ர மடியிலைதானே!"

"உனக்கேனப்பா உந்தச் சோலி?" என்றுவிட்டுக் கனகசிங்கம் படுக்கப் போனான்.

சரியான கேள்வி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. சாகக்கிடப்பவரைச் சொந்த ஊர்ச் சனம் வந்து பார்க்காவிட்டால் அந்த உயிர் நிம்மதியாய்ப் பிரியாது என்று நம்புவோம். எத்தனை வருடத்துப் பகையென்றாலும் சாவுக்கட்டிலடியில் தீர்ந்துவிடும் என்றும் நம்புவோம். ஊர்ச் சனத்துக்குப் பயந்தே ஒருத்தி ஒளிந்திருப்பாள் என்பது கோணேஸ்வரியின் புத்தியில் ஏறவேயில்லை.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் வெல்தாரிய பேக்கரி ஒன்று இருந்தது. அங்கே போய்க் கறுத்த ரொட்டி ஒன்று வாங்கினாள். கடைக்காரன் பெரிய மீசை வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதன். "உங்கட நாட்டு அம்மா ஒராள் வருத்தமாப் படுக்கையிலை கிடக்கிறா. ராசாவின்ர மகள்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி முடித்தாள். அவன் கண் கலங்கிவிட்டது. ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். பார், பாசம் எங்கே போகும் என்று அவள் பூரித்துப்போய் நடந்தாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்பது இதுதான்.

அடுத்த நாளே பேக்கரிக்காரன் வந்தான். அவனோடு கோட்டில் பதக்கம் குத்திய ஒரு மெலிந்த ஆளும் வந்தான். கட்டிலடியில் முழந்தாளிட்டு இரண்டு பேரும் கிழவியின் கையை முத்தமிட்டார்கள். கோணேஸ்வரி ஓடி ஓடித் தேநீர் ஊற்றினாள், மத்தியானத்துக்குக் கொண்டுவந்த கட்லட்டையும் சூடாக்கி வைத்தாள். மெலிந்தவன் அவர்கள் பாஷையில் நெடுநேரம் கதைத்தான். தியோடோராவின் முகம் சாம்பல் பூத்திருந்ததை, தட்டு எடுக்கக் குனிந்தபோதுதான் அவள் கண்டாள்.

அவர்கள் போனபின் கிழவி கேட்டாள். "யார் சொன்னது?"

"நான்தான் மேடம். உங்களுக்கு உங்கட ஆக்கள் வேணுமெண்டு..."

ஏசுவாள் என்று பார்த்தாள். ஏசவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு, அம்பது வருடமாய் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னாள்.

யுத்த நாளில் நாட்டைப் பிடித்தவர்கள் அவளையும் தாயையும் அரண்மனையில் அடைத்து வைத்திருந்தார்கள். பொடியன்மார் எல்லோரும் துவக்கோடு மலைக்கு ஏறிவிட்டார்கள். பிடித்தவர்கள் அவளை வானொலி மைக்குக்கு முன்னால் இருத்தி, ஒரு கடதாசியைக் கையில் கொடுத்தார்கள். தாயின் தலைக்குப் பின்னால் ஒருவன் துவக்கோடு நின்றான். இளவரசி வாசித்தாள். பனி கொட்ட முன்னம் இறங்கி வாருங்கள், ஒன்றும் நடக்காது, இது அரசகுலத்தின் வாக்கு. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். அவளுடைய குரல் என்றபடியால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். அரண்மனைக்குக் கீழே இருந்த கல்லுடைக்கிற பள்ளத்தில் வைத்து எல்லோரையும் சுட்டார்கள். ஜன்னலைச் சாத்தியும் சத்தம் கேட்டது.

"இப்போது என் நாட்டில் திரும்பவும் யுத்தம். அன்றைக்கு இறங்கி வா என்று சொன்னேன். இன்றைக்கு, துவக்கை எடுத்துக்கொண்டு ஏறிப் போ என்று சொல்லச் சொல்கிறார்கள். அரசகுலம் கூப்பிடுகிறது என்று கசெற் ரேப்பில் பதிந்து அனுப்பப்போகிறார்களாம். என்னுடைய குரல் இன்னொரு பிள்ளையைக் கூப்பிடக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு காலம் ஒளிந்து கிடந்தேன்."

பாவம் என்று கோணேஸ்வரியின் ஒரு மனம் அழுதது. அடி பாவி என்று மற்ற மனம் திட்டியது. ஏனென்றால் அவள் காதுக்குள்ளும் அப்படியொரு குரல் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, சனமெல்லாம் தஞ்சம் புகுந்திருந்த பள்ளிக்கூடத்தைத் துவக்குக்காரர் சுற்றி வளைத்தபோது, லவுட்ஸ்பீக்கரில் பேசியவர் அந்தப் பள்ளி அதிபர் தில்லையம்பலம். "பிள்ளையள், பயப்பிடாமல் வாங்கோ. விசாரிச்சுப்போட்டு விடுவினம். நான் பொறுப்பு." அவருக்குப் பின்னாலும் துவக்கு நின்றதாகப் பிறகு சொன்னார்கள். நிண்டால் என்ன, நிக்காவிட்டால் என்ன! அவளுடைய தம்பி நிரூபன் அந்தக் குரலை நம்பி, தலையை வாரிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

அவனுக்காக அவள் வாய்விட்டு அழுததில்லை. அழத் தாய் விடவில்லை. "உடம்பைக் காணாமல் ஒப்பாரி வைச்சால் நாங்களே அவனைக் கொன்ற மாதிரி. செத்தவனுக்குத்தான் ஒப்பாரி" என்று தாய் சத்தியம் வாங்கியிருந்தாள். கண்ணீர் வரலாம், சத்தம் வரக்கூடாது. அந்தச் சத்தியத்தைத்தான் கோணேஸ்வரி கடல் கடந்தும் காத்துக்கொண்டிருந்தாள்.

"கதவை இனித் திறக்க மாட்டன் மேடம். என்ர தலையிலை அடிச்சுச் சத்தியம்" என்றாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து தட்டியபோது, திற என்று சொன்னதே தியோடோராதான். காலையிலேயே தலையை வாரிவிடு என்று கேட்டிருந்தாள். கன்னத்தில் பவுடரும் பூசச் சொல்லியிருந்தாள். இடையில் ரெலிபோன் எடுத்து அவர்கள் என்ன கதைத்தார்களோ!

"ஏன் மேடம்? மாட்டனெண்டு சொன்னீங்களே!"

"என்னைக் கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே குளிருக்கு மண் கல்லாகிவிடும், கோணி. இந்த மண்ணுக்குள் தனியாகக் கிடக்க எனக்குப் பயமாக இருக்கிறது." சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். கோணேஸ்வரி போய்க் கதவைத் திறந்தாள். சாகக்கிடக்கிற மனுசிக்குச் சொந்தம் வேண்டுமென்று ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தவளே அவள்தானே!

மெலிந்தவன் ரேப் ரெக்கோடரைக் கட்டிலில் வைத்து, கடதாசியை நீட்டினான். கிழவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு வசனம் இருமலோடு போனது. பிறகு குரல் நிமிர்ந்தது. அடேயப்பா, அந்தக் காய்ந்த நெஞ்சுக்குள் இப்படியொரு குரல் எங்கே கிடந்தது! கனிவான குரல், பயப்படாதே என்று முதுகைத் தடவுகிற குரல். கோணேஸ்வரிக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை. பிள்ளையள், பயப்பிடாமல் வாங்கோ, நான் பொறுப்பு. அதே குரல்தான்.

அவள் தரையில் குந்தினாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஐயோ என்ர ராசா...
கூப்பிட்ட குரலை நம்பிக்
கும்பிட்டுப் போனியேடா...
பாயில கிடத்தி அழப்
பாவிக்கு உடம்புமில்லை...
பால்சோறு படைச்சு வைக்கப்
பயந்து பயந்து இருந்தனடா..."

மெலிந்தவன் மெஷினை நிறுத்தினான். நிறுத்து என்று கத்தினான். அவள் நிறுத்தியதும் திரும்பவும் பட்டனை அமத்தினான். கிழவி வாயைத் திறந்தாள். கோணேஸ்வரியும் திறந்தாள். பேக்கரிக்காரன் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். அடுத்த வீட்டுக்காரர் சுவரில் இடித்தார்கள். அவள் பாட்டுக்கு மார்பில் அடித்தாள், தம்பியின் பல்லைப் பாடினாள், நடையைப் பாடினாள், அவன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் விட்ட சைக்கிளைப் பாடினாள். நாலு வருடத்து அழுகை ஒருவர் சொல்லி நிற்குமா? கடைசியில் அவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்கள்.

தியோடோரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் செத்தது?"

"என்ர தம்பி."

"எப்போது?"

"இப்பத்தான், மேடம்" என்றாள் கோணேஸ்வரி.

வீட்டுக்குப் போனபோது குரல் அடைத்துக் கிடந்தது. சளித் தடிமனா என்று கனகசிங்கம் கேட்டான். "தம்பிக்கு அழுதிட்டன்" என்றாள். அவன் அடுப்பில் கொதித்த மீன்குழம்பை இறக்கி வைத்தான். "அப்ப செத்தவீட்டுத் துடக்குத்தானே. போய் முழுகு. நானும் முழுகிறன்" என்றான். ஒருவர் பின் ஒருவராகத் தலையில் தண்ணீர் ஊற்றி முழுகினார்கள். ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்து இருந்தபோது, தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் "அவன் வருவான்" என்றுதான் தாய் கதையைத் தொடங்குவாள்.

என்றாலும் ஒரு குரலையாவது அடக்கிவிட்டேன் என்று கோணேஸ்வரி மனதைத் தேற்றிக்கொண்டாள். இனி எங்கேயோ ஒரு மலையடியில் ஒரு பொடியன் தலையை வாரிக்கொண்டு புறப்பட மாட்டான். அதற்காகத்தான் என் தம்பியைச் சாகக் கொடுத்தேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளையும் அவள் கடந்திருக்க மாட்டாள்.

சனி ஞாயிறு அவளுக்கு லீவு. அந்த நாட்களில் ஏஜென்சி றோசலின் என்ற பிள்ளையை அனுப்பும். திங்கட்கிழமை காலை கோணேஸ்வரி வந்து கதவைத் திறந்தபோது தேநீர்க் கோப்பைகள் மூன்று கழுவாமல் கிடந்தன. தியோடோரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாய் அப்பியிருந்தது.

கோணேஸ்வரி வாளியில் சுடுதண்ணீர் எடுத்து வந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து, கிழவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நேற்று வந்தார்கள்" என்றாள் இளவரசி. "முழுவதையும் வாசித்தேன். இந்த முறை இடையில் ஒருவரும் அழவில்லை."