இருபது பொய்க்குத் தைத்த பேன்ட்

மனித குல வரலாற்றில் நேர்மை முதன்முதலாக அளவுநாடாவால் அளக்கப்பட்டது இந்த ஊரில்தான். அளந்தவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் தையற்காரர். அப்போது அவர் வாயில் மூன்று குண்டூசிகள் இருந்ததால் அந்த மகத்தான கணத்தில் அவரால் எதுவும் சொல்ல முடியாமல் போயிற்று.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீர் வாரியத்தின் எழுத்தர் நேர்காணலில், கடின உழைப்புதான் எனக்கு உயிர் என்று சொன்ன ஒருவரின் பேன்ட் இரண்டு விரற்கடை சுருங்கி மேலேறியது. சின்ன வயதிலிருந்தே நீர் வாரியத்தில் சேருவதுதான் கனவு என்றார், கணுக்கால் தெரிந்தது. என் ஒரே பலவீனம் எல்லாவற்றையும் அளவுக்கு மீறிச் சரியாகச் செய்வது என்றார்; கெண்டைக்கால் வரை போய்விட்டது. அன்றிலிருந்து நேர்காணல் அறையில் சொல்லப்படும் ஒவ்வொரு பொய்க்கும் இரண்டு விரற்கடை. பெண்களுக்குச் சட்டைக் கை சுருங்கியது. சுருங்கியது திரும்ப நீளவில்லை. விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு துணியைக் குறை சொன்னது, துணி ஆலை தண்ணீரைக் குறை சொன்னது, தண்ணீர் நீர் வாரியத்துடையது என்பதால் விசாரணை அத்தோடு முடிந்தது. இனி யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று செய்தித்தாளில் தலையங்கம் எழுதிய ஆசிரியர் அடுத்த மாதம் வேறு பத்திரிகையில் வேலைக்குப் போனார், அரை டிராயரோடு.

ஊர் சமாளித்துக்கொண்டது. பேன்ட்டின் கீழ் மடிப்புக்குள் உபரித் துணியைச் சுருட்டித் தைக்கும் வேலையைத் தையற்காரர் கண்டுபிடித்தார். மேலே சுருங்கச் சுருங்கக் கீழே மடிப்பு பிரிந்து நீளத்தை ஈடுகட்டும். அளவெடுக்கும்போது இடுப்பு, தொடை, நீளம் முடிந்ததும், "எத்தனை பொய்க்குத் தைக்கட்டும்?" என்று கேட்பார். எழுத்தர் வேலைக்கு எட்டு, அதிகாரிக்குப் பதினான்கு. நாளடைவில் தேர்வுக் குழுவினரும் மடிப்பின் கனத்தைப் பார்த்தே ஆளை எடைபோடத் தொடங்கினார்கள். பத்துப் பொய்க்குக் குறைந்த உடையில் வருவோர் ஆர்வமற்றவர்களாகக் கருதப்படுவர் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வேலை கிடைத்தவர்கள், மடிப்பையும் தாண்டிப் பொய் சொல்லிக் குட்டையாகிப்போன அந்தப் பேன்ட்டையே நிமிர்ந்த நெஞ்சோடு போட்டுக்கொண்டு அலுவலகம் போனார்கள். முழங்கால் தெரிந்தால் எழுத்தர், தொடை தெரிந்தால் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும்.

மூடிப்போன அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தவரை ஊரார் அரைப்புள்ளி என்று அழைத்தார்கள். எதையும் அவர் முடித்ததில்லை என்பதால் வந்த பெயர். இதுவரை பதினாறு நேர்காணல்களுக்குப் போய் பதினாறிலும் தோற்றிருந்தார். பொய் சொல்லத் தெரியாதவர் அல்லர். சொன்ன கையோடு திருத்திவிடுவார். கணினி நன்றாகத் தெரியும் என்பார், பேன்ட் ஏறும், உடனே, இல்லை, ஓரளவுக்குத்தான் என்பார். சுருங்கிய பேன்ட் திருத்தங்களை ஏற்பதில்லை. வரும் மாதம் அவருக்கு நாற்பது வயது. அதன் பிறகு எந்த வாரியமும் கூப்பிடாது. கடைசியாக வந்திருந்த அழைப்பு நீர் வாரியத்தின் பழைய கோப்புகள் அறையில் உதவியாளர் வேலைக்கு.

பல் மருத்துவமனையில் சீட்டு எழுதிக்கொடுக்கும் மனைவியும், வாரியத்தில் ஏற்கெனவே முழங்கால் தெரிய வேலை பார்க்கும் மைத்துனனும் கட்டிலில் துணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினார்கள்.

"அத்தான், உங்ககிட்ட ஒரே கோளாறுதான். பொய்யச் சொல்லிட்டு அதுக்கு அடியில நீங்களே சிவப்பு மையில கோடு போடறீங்க" என்றான் மைத்துனன். "இருபது பொய்க்குத் தைங்க. உள்ள நுழையும்போதே எழுந்து நிப்பாங்க."

"துணி எட்டுக்குத்தான் இருக்கு" என்றாள் மனைவி. பிறகு அவள் எழுந்து போய், சமையலறை ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதே பழுப்பு நிறம்தான், சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் மட்டும் இருந்தன. "சொல்லுங்க, சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. திருத்தாதீங்க. நான் உங்கள வேற எதுவும் கேக்கல" என்றாள்.

தையற்காரர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எட்டாவது பொய்க்கு மேல பூ தெரியும்ணே. அதுக்குள்ள வேலைய வாங்கிடுங்க" என்றார்.

கணுக்காலில் தலையணை கட்டியவர்போல அரைப்புள்ளி நடந்து போனார். பச்சை விரிப்பு தரைவரை தொங்கும் நீண்ட மேசைக்குப் பின்னால் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். மடிப்பின் கனத்தைப் பார்த்ததும் மூவர் முகமும் மலர்ந்தது. கண்ணாடி முன் ஆண்டுக்கணக்கில் பாடம் செய்திருந்த பொய்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சம்பளம் எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன். பதவி உயர்வு கேட்க மாட்டேன். மேலதிகாரி சொல்வதெல்லாம் எனக்குச் சரியாகவே படும். ஜன்னல் இல்லாத அறை என்றால் ரொம்ப நல்லது. எனக்கென்று தனியாக ஆசை எதுவும் கிடையாது. குனிந்து பார்த்தார். பேன்ட் அசையவில்லை. இருபதையும் சொல்லி முடித்தார். ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. இத்தனை வருடங்களில் என்றைக்கோ, அவர் கவனிக்காத ஏதோ ஒரு வாரத்தில், அத்தனையும் உண்மையாகிப் போயிருந்தன.

அந்தக் குழுவுக்கு இது புதிது. பெண் உறுப்பினர், 'முயற்சி போதாது' என்று எழுதுவது எதிரே இருந்த அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க நேர்மைக்கு நாங்க தலை வணங்கறோம். முடிவு தகுதிய வச்சுத்தான்" என்றார். விரிப்புக்கு அடியில் ஏதோ சரசரத்தது. தலைவரின் பேனா உருண்டு கீழே விழ, அரைப்புள்ளி எடுத்துக்கொடுக்கக் குனிந்தார். பதினேழு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் இருக்கும் தலைவருக்கு பெல்ட் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதற்குக் கீழே நீலக் கோடு போட்ட உள்ளாடை. அரைப்புள்ளி பேனாவை மேசைமேல் வைத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பிழையைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வேலை முப்பத்திரண்டு பொய்க்குத் தைத்துக்கொண்டு வந்தவருக்குப் போனது. அவருடைய மடிப்பைத் தூக்கிப் பிடிக்க இரண்டு சித்தப்பா மகன்கள் வந்திருந்தார்கள். வெளியே வரும்போது அவர் நீச்சலுக்குப் போகிறவர்போல இருந்தாராம், மைத்துனன் சொன்னான். அடுத்த மாதம் அரைப்புள்ளிக்கு நாற்பது முடிந்தது. அதன் பிறகு அழைப்பு எதுவும் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நூல்கூடக் குறையாமல் வீடு திரும்பிய பேன்ட்டின் மடிப்புகளை மனைவி பிரித்தாள். ஜன்னலின் உயரத்துக்குத் தாராளமாக இருந்தது. வெட்டிய திரையை ஒட்டவைக்க முடியாது என்பதால் பேன்ட்டையே பக்கத்துக்கு ஒரு காலாகச் சமையலறை ஜன்னலில் மாட்டிவிட்டாள். எட்டுப் பொய் உயரம் பழுப்பு, அதற்குக் கீழே பூக்கள். வெயில் அவ்வளவாக வருவதில்லை. எதிர்வீட்டார் இரண்டு நாள் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். காற்றடித்தால் ஜன்னல் நடப்பதுபோல இருக்கும். பேன்ட்டின் ஜிப் மட்டும் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. நேர்காணலன்றும் ஏறவில்லை.