ஏழு பை முறை

லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவுத் துணை மேலாளராக இருந்தவர், வீட்டிலும் துணை மேலாளராகவே இருந்தார். வீட்டில் மேலாளர் யார் என்பது மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

அவரிடம் நாலு கிரெடிட் கார்டுகள். உணவகத்தில் பில் வந்தால், மற்றவர்கள் பாக்கெட்டுக்குள் கையை விடுவதற்குள், "வைங்க வைங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். பார்த்துக்கொண்டது வங்கி. மாதாமாதம் வரும் கடிதத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சடித்திருக்கும். அதை மட்டும் தவறாமல் கட்டுவார். அவர்களே மரியாதையாகக் குறைத்துக் கேட்கும்போது, அதிகமாகக் கொடுத்து ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். கம்பெனிப் பொது மேலாளர் வீட்டுக்கு வருகிறார் என்று காபி மெஷின் ஒன்று வாங்கினார். வந்தவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். நடந்து நடந்து இளைக்கும் மெஷின் ஒன்றும் வாங்கினார். அதன்மேல் நடந்தது துணி காயப்போடும் வேலைதான்.

அவர் மனைவி, சலவைக்கடை ஒன்றின் மூலையில் ஒரு தையல் மெஷின் போட்டு, பேன்ட் உயரம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் பதினொரு வருடம் ஓட்டியவள். சலவைக்கடைக்குப் பக்கத்தில் சாவி செய்கிறவர் காலி செய்த அறை ஒன்று இருந்தது. பத்தடிக்கு எட்டடி. வெளிச்சம் விழும் ஜன்னல் ஒன்று. அதன்மேல் அவளுக்கு ஒரு கண்.

கட்டடத்துக்கும் சொந்தக்காரரான சலவைக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். "வருசத்தோட கடைசி வேலை நாள், சாயங்காலம் மூணு மணி வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன்மா. அட்வான்ஸ் வரணும். அதுக்கப்புறம் என்னைச் சொல்லாதே. செல்போன் கவர் விக்கிறவன் தினம் வந்து நிக்கறான்" என்றார். அப்போது வருடம் முடியப் பதினோரு மாதம் இருந்தது.

அட்வான்ஸுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். அங்கே கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ரெண்டு கார்டு பாக்கி இருக்கேம்மா."

"எனக்குக் கார்டே கிடையாதுங்க."

"உங்க வீட்டுக்காரர் சேத்து வாங்கியிருக்கார். இதோ பாருங்க, உங்க கையெழுத்து."

'சும்மா ஒரு பேப்பர், போடு' என்று கணவர் நீட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"உங்க ரெண்டு பேர் கார்டும் பாக்கியில்லாம முடிச்சுட்டு வாங்க. அன்னைக்கே கடைக்காரர் கணக்குல பணத்தைப் போட்டுடறேன்" என்றார் அந்த அம்மாள்.

நாலு கார்டும் சேர்ந்து நாலு மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்து கேட்டபோது, துணை மேலாளர் முதலில் கார்டைப் பழித்தார், பிறகு நாட்டின் பொருளாதாரத்தைப் பழித்தார், கடைசியில் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதாவது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கூட்டம் போட்டார்.

அவர், மனைவி, பன்னிரண்டு வயது மகள், பார்சல் வேன் ஓட்டும் மைத்துனன் ஆகிய நாலு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவரில் புதிதாக ஒரு வெள்ளைப் பலகை. மேஜைமேல் தோல் அட்டை போட்ட பேரேடு, லேபிள் அடிக்கும் மெஷின், மூன்று நிறத்தில் 'செலவு அனுமதிப் படிவம்'.

"வெங்காயம் வாங்கறதுன்னாலும் இதை ரெண்டு பிரதியில பூர்த்தி செஞ்சு, காரணம் எழுதி என்கிட்ட தரணும்" என்றார்.

"காரணம்னா என்னப்பா எழுதறது? அழுகைன்னா?" என்றாள் மகள்.

"அத்தான், இந்தப் பலகை, மெஷின், பேரேடு எல்லாம் புதுசா இருக்கே" என்றான் மைத்துனன். "எதுல வாங்கினீங்க?"

துணை மேலாளர் பலகையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"கார்டுலதானே?" என்றாள் மனைவி.

"இதான் கடைசித் தடவை. சிக்கனம்னா முதலீடு வேணும்."

அத்துடன் கூட்டம் முடிந்தது. பலகையும் மெஷினும் மறுநாளே கடைக்குத் திரும்பின. பேரேட்டில் மகள் படம் வரைந்தாள். காபி மெஷினையும் நடக்கிற மெஷினையும் மைத்துனன் தன் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தான்.

மனைவிக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். துணி இவ்வளவு என்றால், இவ்வளவுக்குள் வெட்ட வேண்டும். மிச்சம் விழுந்த கெட்டித் துணிகளை ஒட்டுப்போட்டு, கதவு நீளத்துக்கு ஒரு தொங்கல் தைத்தாள். அதில் ஏழு பைகள். வாடகை, அரிசி பருப்பு, பள்ளிக்கூடம், பஸ், மருந்து, அப்பா. ஏழாவது பைதான் பெரியது. அதற்கு மட்டும் ஜிப். அது கார்டுக்கு. சம்பளம் வந்த அன்று ரொக்கமாக எடுத்து, முதலில் ஜிப் பையை நிரப்புவாள். பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு பை காலியானால் அது அடுத்த மாதம் வரை காலி.

"கார்டுங்களைக் கத்தரிச்சுப் போட்டுடலாமே, அக்கா?" என்றான் மைத்துனன்.

"அவசர ஆத்திரத்துக்கு வேண்டாமா?" என்று துணை மேலாளர் பதறினார்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலையும் தொங்கலின் அடி மடிப்புக்குள் வைத்து, மடித்துத் தைத்துவிட்டாள். தொங்கல் காற்றில் ஆடாமல் நிற்கக் கனமும் ஆயிற்று.

அடுத்த மாதங்கள் துணை மேலாளருக்குச் சோதனைக் காலம். அவர் கைச்செலவுக்கான 'அப்பா' பை ஒன்பதாம் தேதியே வயிறு ஒட்டிப்போகும். ஒருமுறை மகளிடம் கைமாற்று கேட்டார்.

"வட்டி உண்டுப்பா."

"பெத்த அப்பன்கிட்டயா?"

"பேங்க்ல மட்டும் கட்டறீங்க?"

அலுவலகத்தில் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். யாராவது பில்லை எடுத்தால் கூரையில் ஓடும் மின்விசிறியை ஆராய்ந்தார். முதல் கார்டு மார்ச்சில் முடிந்தது. இரண்டாவது ஜூனில். அரிசி பருப்புப் பையில் மிஞ்சுவதைக்கூட மாதக் கடைசியில் மனைவி ஜிப் பைக்கு மாற்றிவிடுவாள். இரவல் வாங்கிய குடையோடு அவள் வேலைக்குப் போனாள், புதுக்குடை எந்தப் பையிலும் இல்லை என்பதால். கடைசி மாதப் பத்தாம் தேதி நாலாவது கார்டும் முடிந்தது. அன்று அவள் அந்த அறையின் ஜன்னலுக்குத் திரைத்துணி அளவெடுத்துவிட்டு வந்தாள். வங்கியில் சொன்னார்கள்: "மாசக் கடைசில எல்லாக் கணக்கும் பாத்து, பாக்கியில்லைன்னு கடிதம் தருவோம். அதோட பணம் போயிடும்."

இங்கேதான் துணை மேலாளர் தலைநிமிர்ந்தார். நிமிர்ந்த தலையைச் சும்மா வைத்திருக்க அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னார். அது பொது மேலாளர் காதுக்குப் போயிற்று. "நம்ம ஸ்டாஃபுக்கு ஒரு உரை ஆத்துங்களேன்" என்றார் அவர்.

ஆற்றினார். ஐம்பது நிமிடம். 'ஏழு பை முறை' என்று தலைப்பு. அதை நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் தாமே வகுத்ததாகச் சொன்னார். மனைவியைப் பற்றியும் குறிப்பிடாமல் இல்லை. 'குடும்பத்தார் ஒத்துழைத்தார்கள்' என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் பொது மேலாளர், 'சிக்கனச் செம்மல்' என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்தார். பின்வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

"சார், ட்ரீட் இல்லையா?"

கேடயத்தைக் கையில் பிடித்திருக்கும் மனிதன் மின்விசிறியைப் பார்க்க முடியாது.

"இல்லாமலா! நான் பாத்துக்கறேன்!" என்றார்.

முப்பத்தெட்டு பேர். மறுநாள் மத்தியானம், மனைவி வேலையில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். ஷேவிங் பிளேடால் தொங்கலின் அடி மடிப்பைப் பிரித்து ஒரு கார்டை உருவினார். பிரித்ததை மறுபடி தைக்க வேண்டுமே. ஊசியில் நூல் கோக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. அவர் தைத்ததைப் பார்த்தால், பயந்த எறும்புகள் பாதி வழியில் பிரிந்து ஓடினமாதிரி இருந்தது. அவருக்கு மட்டும் அது அசல் போலவே பட்டது.

அன்றிரவே சூப்பிலிருந்து ஐஸ்கிரீம் வரை எல்லாம் ஆயிற்று. பொது மேலாளர் ஐஸ்கிரீமை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

மனைவி மறுநாள் மாலை பருப்பு வாங்கக் காசு எடுக்கப் போனவள், தொங்கல் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். குனிந்து மடிப்பைப் பார்த்தாள். துணை மேலாளரைக் கூப்பிட்டாள்.

"யாரு தைச்சா இதை?"

"எதை?"

"பன்னண்டு வருசமா மத்தவங்க கெடுத்த தையலைப் பிரிக்கறதுதாங்க என் பொழப்பு. சொல்லுங்க, எவ்வளவு?"

சொன்னார். ட்ரீட் கதையும் சேர்ந்தே வெளியே வந்தது. மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. ஜிப் பையில் ஒன்றுமில்லை.

"எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

"முப்பத்தெட்டு. என்னோட."

"அப்ப முப்பத்தேழு பேர்கிட்ட வாங்கிட்டு வாங்க. உங்க பங்குக்கு உங்க கைக்கடிகாரத்தை வித்துடுங்க."

"அதெப்படி? நான் அவங்களுக்கெல்லாம் சிக்கனத்தைப் பத்திப் பேசியிருக்கேன்!"

"நல்லதாப் போச்சு. பேசினதைச் செஞ்சு காட்டப் போறீங்க."

மறுநாள் காலை, சிக்கனச் செம்மல் கையில் ஒரு பழைய கவருடன் மேஜை மேஜையாகப் போனார். முதல் மேஜையில் குனிந்து முணுமுணுத்தார். "அன்னைக்குச் சாப்பிட்டதுல... உங்க பங்கு..." என்றார். அந்த ஊழியர் காதைத் தடவிக்கொண்டு இன்னொருமுறை கேட்டார். ஐந்தாவது மேஜைக்குள் விஷயம் கட்டடம் முழுவதும் ஏறியிறங்கிவிட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "சூப் ஆறிப்போயிருந்துச்சு சார், பாதி தரவா?" என்றார். லிப்ட் மெக்கானிக் ஒருவர் மட்டும் அவரை மாடிப்படி ஓரத்துக்கு இழுத்துப்போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "எனக்கும் மூணு கார்டு இருக்கு சார். வீட்ல தெரியாது" என்றார். அதன்பிறகு துணை மேலாளர் யாரிடமும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவில்லை. "முறை எல்லாம் என் வீட்டுக்காரி போட்டது. நான் பிரிச்சுக் கெடுத்தவன்" என்றார். அப்படிச் சொன்னால் பணம் சீக்கிரம் வந்தது.

கடைசி நாள் மதியம் ஒன்றரை மணிக்கு முப்பத்தாறு பேர் கொடுத்துவிட்டார்கள். பாக்கி பொது மேலாளர்.

இரண்டு தடவை போய்க் கேட்டாயிற்று. முதல் தடவை, "பங்கு பிரிச்ச விவரத்தை எழுத்துல குடுங்க" என்றார். இரண்டாம் தடவை, "ரெண்டாவது ஐஸ்கிரீமை என் கணக்குல போட்டது எந்த அடிப்படையில?" என்றார். மூன்றாம் தடவை துணை மேலாளர் கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"சார், மூணு மணிக்கு என் வீட்டுக்காரியோட கடை போயிடும். இருந்தாக் குடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ஓடிப்போய் வேற எங்கயாவது கேக்கணும்."

பொது மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பர்ஸைத் திறந்தார். உள்ளே ஆறு கார்டுகள். ரொக்கம் ஒன்றுமில்லை.

"கார்டுல வாங்கிக்க முடியாதா?" என்றார் மெதுவாக.

"முடியாது சார்."

மேஜை இழுப்பறையிலிருந்து சில்லறை திரட்டினார். போதவில்லை. டிரைவரைக் கூப்பிட்டுக் கடன் வாங்கினார். டிரைவர் அதைத் தன் சிறு நோட்டில் குறித்துக்கொண்டதைத் துணை மேலாளர் பார்க்காத மாதிரி நின்றார்.

வங்கி வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பணத்தைக் கட்டியபோது இரண்டே கால். அதிகாரி அம்மாள் கடிதத்தில் முத்திரை குத்தியபோது இரண்டு நாற்பது. இருவரும் நடையும் ஓட்டமுமாகப் போனார்கள். சாவிக்காரரின் அறைக்குள் செல்போன் கவர்காரன் டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

"மணி இன்னும் மூணு ஆகலைங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க.

சலவைக்கடைக்காரர் தன் செல்போனைப் பார்த்தார். பணம் வந்த செய்தி இருந்தது. கவர்காரனின் தோளைத் தட்டி, "தம்பி, டேப்பைச் சுருட்டு" என்றார். சாவியை அவள் கையில் வைத்தார்.

அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் தரையில் விழுந்தது. பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் சாவிக்காரர் விட்டுப்போன இரும்புத்தூளைக் கூட்ட ஆரம்பித்தாள். துணை மேலாளர் வாசலிலேயே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"ஆபீசுக்குப் போங்க" என்றாள் அவள், நிமிராமல். "அரை நாள் சம்பளம் பிடிச்சா உங்க பையிலதான் குறைப்பேன்."

"சரி."

"பஸ்ஸுக்குக் காசு இருக்கா?"

"இருக்கு" என்றார்.

அது பொய். ஆனால் வட்டி ஏறாத பொய். சலவைக்கடையைத் தாண்டியதும், யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாலு பஸ் நிறுத்தத் தூரத்தை விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.