மாமாவை நான் வளர்த்துவிட்ட கதை

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. புகார் கொடுத்தவள் என் அக்கா. குற்றவாளி நான். காணாமல் போனது அவள் புருஷன். ஆள் என்னவோ வீட்டில்தான் இருக்கிறார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டு.

(முதல் வரியாக வேறொன்று வைத்திருந்தேன்: ‘மனித மனம் ஒரு லிஃப்டைப் போல, அது சில வேளை...’ அதற்கு மேல் எனக்கே தாங்கவில்லை.)

2

மாமா லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. அதில் முக்கால்வாசியைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். பழுதான லிஃப்டைத் திறக்குமுன் இரண்டு விரலால் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்பார். சரிசெய்தபின் ஒருமுறை மேலே போய் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மாமா ஒன்பது முறை போவார், கடைசி மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டு. வீட்டில் மின்விசிறியை நிறுத்த அதனிடமே உத்தரவு கேட்பார். நடைபாதையில் கறுப்புக் கல்லில் மட்டும் கால் வைப்பார். வெள்ளைக் கல்லில் முதலை இருக்கிறதாம். கூட நடக்கும் அக்காவும் கறுப்பில்தான் கால் வைப்பாள்.*

* ஏன் என்று கேட்டால், வெள்ளையில் மிதித்தால் செருப்பு அழுக்காகும் என்பாள். இருபது வருஷமாக இதே பதில்.

3

சினிமாவுக்குக் கதை எழுதுவது என் பிழைப்பு. தலையும் காலும் இல்லாத ஒரு சிரிப்புப் படம் வேண்டும் என்றார் இயக்குநர். மாமாவை அலுங்காமல் தூக்கி உள்ளே வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

படத்தில் லிஃப்ட் ஒருநாள் மேலே போக மறுத்துப் பக்கவாட்டில் கிளம்புகிறது. சுவரைத் தாண்டிப் பல் மருத்துவமனைக்குள் நுழைகிறது. அங்கிருந்து யாரோ குளித்துக்கொண்டிருக்கும் குளியலறை. நாற்காலிகள் கால் வலிக்கிறது என்று வேலைநிறுத்தம் செய்கின்றன. மேனேஜர் அறைக்குள் மட்டும் மழை.

முடிவுதான் வரவில்லை. குடும்பத்தோடு பார்ப்பார்கள், நாயகன் கடைசியில் திருந்த வேண்டும் என்றார் தயாரிப்பாளர். திருந்துகிற அளவுக்கு அவன் என்ன செய்துவிட்டான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எழுதினேன்: லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கிறது. நாயகன் தலையைப் படிய வாரி, முழுக்கைச் சட்டையும் தோல்பையுமாக வெளியே வருகிறான். லிஃப்ட் கதவை மூடாமல் காத்திருக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

4

படம் வெளியாவதற்கு முன்பு எங்களுக்கென்று ஒரு மதியக் காட்சி போட்டார்கள். மாமா சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். கடைசிக் காட்சியில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அக்கா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மாமா திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். அதைப் பார்த்து நான் (வெட்கத்தோடு எழுதுகிறேன்) என் எழுத்தின் வலிமையை மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள்.

“என்னடா பண்ணி வச்சிருக்க அவர?”

“ஏன்க்கா, நல்லாத்தானே இருக்காரு?”

“அதான்டா பிரச்சனையே. நாம பேசணும்னு உக்கார வச்சாரு. பயந்துட்டேன். என்னன்னு பாத்தா, கட்டடத்தோட வடிகால் பத்தி ஒரு மணி நேரம் பேசுறாரு.”

முழுக்கைச் சட்டை வாங்கியிருக்கிறாராம். வெள்ளைக் கல்லை மிதித்துக்கொண்டு நேராக நடக்கிறாராம். படத்தின் கடைசிக் காட்சியில் அவன் போய்விட்டானே என்றுதான் தான் அழுததாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

5

மாமாவைத் தேடிப் போனேன். ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் வேலையாக இருந்தார். கதவைத் தட்டாமல் திறந்தார். ஒரே ஒருமுறை மேலே போய் வந்தார். கையெழுத்துப் போட்டார்.

“அந்தப் படத்துல வர்றது நான்தானே மாப்ள?”

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தோல்பையின் கொக்கியைச் சரிசெய்துகொண்டார்.

“அவன் மாறினதும் உங்க அக்கா அழுதா. இத்தன வருஷமா அவளுக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்போல. எனக்குத்தான் புரியல.”

அக்கா அழுதது அவன் மாறியதற்காக அல்ல, அவன் போய்விட்டதற்காக என்று எவ்வளவோ சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

“நீ கதை எழுதறவன். தேவைன்னா லிஃப்டையே பக்கவாட்டுல ஓட்டுவ.”

6

ஏன் அழுதாள் என்பதை அக்காவையே அவரிடம் சொல்லச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷம் செருப்பு அழுக்காகும் என்று சொன்னவள், இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

“நீ எழுதிக் கெடுத்தது. நீயே எழுதிச் சரிபண்ணு.”

ஆக, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது ஒரு பழுதுவேலை. மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: நிஜ லிஃப்டே பக்கவாட்டில் ஓடி மாமாவைச் சமையலறையில் இறக்கிவிடுகிறது. நம்ப மாட்டீர்கள்.

இரண்டாவது: அக்கா வேண்டுமென்றே ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டு, மாமா வந்து... (இல்லை. வேறொரு மெக்கானிக்கை அனுப்பிவிட்டால்?)

மூன்றாவது: மாமா இப்படியே இருந்து பதவி உயர்வு பெறுகிறார். இதைப் படித்த அக்கா காகிதத்தை நாலாகக் கிழித்தாள்.

7

இன்று காலை, அக்கா வீட்டில், இதுவரை எழுதியதை மாமாவிடமே கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினார். ஆறாம் பகுதியில் பேனா நின்றது. எழுந்து, அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையலறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் அடங்கியது.

“இதுல இருக்கறது நெசமா?”

“எது?”

“நீ அழுத இடம்.”

அக்கா கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அந்த லிஃப்ட் அது பாட்டுக்குக் கதவத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குது. அவன் திரும்பியே பாக்கல. எனக்கு அது நான்தான்னு தோணிச்சு.”

மாமா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா ஜன்னலுக்கு ஓடினாள். அவர் எந்தக் கல்லில் கால் வைத்துப் போகிறார் என்று பார்க்கத்தான். முன்னால் ஒரு லாரி நின்று மறைத்துவிட்டது.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இதோ, வாசல் மணி அடிக்கிறது. அவரிடம் சாவி இருக்கிறது, மணி அடிக்க வேண்டியதில்லை. கை நிறைய எதையோ சுமந்து வந்திருக்கலாம். வடிகால் ஆளாகவும் இருக்கலாம், வரச் சொல்லியிருந்தாராம்.

மறுபடி பாத்திரம் கழுவப் போன அக்காவின் கை முழுக்கச் சோப்பு. என் கையில் பேனா. நம்மில் சும்மா இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் போய்க் கதவைத் திறங்களேன்.