சரஸ்வதி பார்த்த ஆட்டம்

கரமனை அக்ரகாரத்தில் சாம்பசிவனைப் போலக் காது கூர்மையான மனிதர் வேறு யாரும் கிடையாது. கண் போன பிறகு வந்த கூர்மை அல்ல அது. காலேஜ் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த காலத்திலேயே, வராந்தாவில் வரும் செருப்புச் சத்தத்தை வைத்து, வருவது பிரின்சிபாலா பியூனா என்று தலை நிமிராமல் சொல்லிவிடுவார். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கும்போது நீரழுத்த நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோயிற்று. ஃபைல்களை இனிப் பார்க்க முடியாது என்பதற்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காலேஜ் ஃபுட்பால் டீம் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களைப் பார்க்க முடியாதே என்றுதான் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட விட்டவர் இல்லை.

நாலாம் நாள் காலை அவர் மனைவி சரஸ்வதி காப்பி டம்ளரைத் தரையில் நங்கென்று வைத்தாள்.

"பட்டினி கிடந்தது மதி, போறும். நானாக்கும் கூட்டிண்டு போறேன். பாத்துச் சொல்றேன், நீங்க கேட்டுக்கோங்கோ."

பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் ஃபுட்பாலைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் அவள். கோல்கீப்பரை "வாசல்காரன்" என்றாள். லைன்ஸ்மேன் கொடியை உயர்த்தினால், "ஒருத்தன் கொடியைக் காட்டி வம்புக்கு வரான்" என்றாள். ஆட்டக்காரர்களைப் பெரிய காதுக்காரன், வாழைத்தண்டுக் காலன், தலையில் ரிப்பன் கட்டினவன் என்று பிரித்து வைத்திருந்தாள். சாம்பசிவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஊரே "கோல்" என்று கத்தி ஓய்ந்த பிறகு, "பந்து உள்ளே போயிடுத்துன்னா" என்பாள்.

"அது எனக்கே கேட்டுதே. கொஞ்சம் முன்னாடி சொல்லப்படாதோ?"

அப்படிக் கேட்டது தப்பு என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

மறு வருஷம், தொண்ணூற்றேழில், சரஸ்வதி தேறிவிட்டாள். ஆகஸ்டில் நடந்த முதல் ஆட்டத்தில் அவள் குரலும் கூட்டத்தின் சத்தமும் ஒன்றாகவே வந்தன. அன்று சாம்பசிவன் உண்மையிலேயே ஆட்டத்தைப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத காரியம் அது.

ஓணம் கழிந்து நடந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் தொடங்கியது. "ரிப்பன்காரன் அடிக்கறான், உள்ளே போயிடுத்து" என்றாள் சரஸ்வதி. கேலரி அமைதியாக இருந்தது. கடலைக்காரன் காகிதத்தைச் சுருட்டும் சத்தம்கூடக் கேட்டது. எதையோ தவறாகப் பார்த்துவிட்டாள் என்று நினைத்து அவர் வாயைத் திறக்கவும், காலால் பந்தை உதைக்கும் சத்தமும் வலை அதிரும் சத்தமும் கேலரி எழுந்து கூவும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மறுபடி அப்படி நடந்தபோது மனசுக்குள் எண்ணினார். பன்னிரண்டு எண்ணும் நேரம் இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் அது நாற்பதாகிவிட்டது.

பின்படியில் எப்போதும் உட்காருபவன் ராஜையன். மார்த்தாண்டத்துக்காரன், காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை. அவனும் கவனித்திருக்கிறான்.

"சாரே, அம்மைக்குக் கரிநாக்கா இருக்கும் போல. சொல்லி வாய மூடல்ல, நடந்துபோவுது பாத்தியளா."

கரிநாக்கு என்றால் சொன்னது பலிக்கிற நாக்கு. அந்தப் பக்கத்தில் யாரும் அதைப் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை. ராஜையன் சிரித்தான், சாம்பசிவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "சரசு, நடக்கறதுக்கு முன்னாடியே எப்படிச் சொல்றே?"

"என்ன முன்னாடி? கண்ணு முன்னாடி நடக்கறதைத்தானே சொல்றேன்." அவள் குரலில் பொய் இல்லை. முப்பது வருஷம் கேட்ட குரல், அதில் பொய் கலந்தால் அவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு பொய் அந்த மாதம் கலந்தது. படியிறங்க அவள் கையைப் பிடித்தபோது, முழங்கையின் உள்மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டர் விரலில் தட்டுப்பட்டது. என்ன என்று கேட்டார். அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். கேலரியின் பன்னிரண்டு படிகளையும் ஒரு மூச்சில் ஏறுகிறவள், இப்போது நடுவில் நின்று இளைப்பாறுகிறாள் என்பதும் அவருக்குக் கேட்டது. ஆனால் அவர் மனசு முழுக்க அந்த நாற்பது எண்ணிக்கையில் இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் காதில் விழும், எதைக் கவனிக்க வேண்டுமோ அது மட்டும் மனசில் விழாது.

அக்டோபர் ஆட்டத்தன்று நல்ல வெயில். நாலு மணி வெயில் அவர் வலது கன்னத்தில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. இடைவேளை முடிந்து விசில் ஊதினார்கள். சரஸ்வதி சொல்லத் தொடங்கினாள்.

"மழை வலுக்கறது. மைதானமெல்லாம் தண்ணி. வாழைத்தண்டுக் காலன் வழுக்கி விழறான்."

சாம்பசிவன் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தார். தோல் சுட்டது. சுற்றியிருந்தவர்கள் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே மழை, சரசு?"

"இங்கேதான். எல்லாரும் குடை பிடிச்சுண்டிருக்கா. ராஜையன் உங்களுக்கும் சேத்துக் குடை பிடிக்கறான்." ரேடியோவில் கொள்முதல் விலை வாசிக்கிற மாதிரி ஒரே சீராக வந்தது குரல். "நீங்க தலையில மஞ்சள் டவலைப் போட்டுண்டிருக்கேள். ராஜையன் கடலைப் பொட்டலத்தை நீட்டறான். நீங்க வேண்டாங்கறேள்."

அவருக்கு முதுகில் வியர்வை ஆறிக் குளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், பக்கத்தில் இருக்கும் தன்னை எங்கேயோ தூரத்தில் இருப்பவனைப் போலப் பார்த்துச் சொல்கிறாள். அவள் பார்ப்பது அடுத்த ஆட்டத்தை. அது நவம்பரில்தான். ஐப்பசி மழை வந்திருக்கும்.

"என் பக்கத்துல?"

"உங்க பக்கத்துல ஆரும் இல்லை. இடம் காலியா இருக்கு. தனியா இருக்கேள். சிரிச்சுண்டிருக்கேள்."

"சரசு, நீ எங்கே?"

அப்போது கூட்டம் கத்தியது. கத்தல் அடங்கியபோது அவள், "கால் மரத்துப் போச்சு, கிளம்பலாமா?" என்றாள். இதற்கு முன் ஒரு நாளும் ஆட்டம் முடியாமல் அவர் எழுந்ததில்லை. அன்று எழுந்தார்.

ஒரு மாதம் அவருக்குத் தூக்கம் இல்லை. அவள் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். பகலில் அவள் கொல்லைப்புறம் போனால் வாளிச் சத்தம் கேட்கும்வரை உயிர் கையில் இருக்காது. தன் பக்கத்து இடம் ஏன் காலியாக வேண்டும் என்பதற்கு அவருக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. அவள் போன பிறகு தான் சிரித்துக்கொண்டு கடலைக்குத் தலையாட்டிக்கொண்டு இருப்போம் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பேசாமல் போகாமல் இருந்துவிடலாம் என்று முதலில் யோசித்தார். அவள் சொன்ன எதுதான் நடக்காமல் போயிற்று? போகாவிட்டால் அது வேறு வழியில் வந்து சேரும். பிறகுதான் உள்ளே இருந்த ஹெட் கிளார்க் விழித்துக்கொண்டார். மேலிடத்திலிருந்து வந்த எத்தனையோ ஆர்டர்களை எழுத்து மாறாமல் நிறைவேற்றி, அதனால் ஒரு காரியமும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர். மழை, டவல், குடை, காலி இடம், இவ்வளவுதானே ஆர்டர்? சரஸ்வதி செத்துப்போக வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? அவளைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்துவிட்டால், ஆர்டர் நிறைவேறியது, ஃபைல் மூடியது.

நவம்பர் ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. ராஜையனை ஆட்டோவோடு வரச் சொல்லியிருந்தார்.

"நீ இந்த மழையில வரவேண்டாம். ராஜையன் கூட்டிண்டு போய்க் கொண்டு விடுவான்" என்றார். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார்.

"சரி, போயிட்டு வாங்கோ" என்றாள் சரஸ்வதி. அவளே மஞ்சள் டவலை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

எதிர்வீட்டுப் பார்வதியம்மாளிடம், சரஸ்வதிமேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

கேலரியில் தன் இடத்தில் உட்கார்ந்ததும் டவலைத் தலையில் போட்டுக்கொண்டார். ராஜையன் பின்படியிலிருந்து குனிந்து குடை பிடித்தான். பக்கத்தில் யாரோ உட்கார வந்தார்கள். "ஆள் உண்டு" என்று அவர்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்தார். ஆட்டத்தைச் சொல்லும்படி ராஜையனைக் கேட்டிருந்தார். ராஜையன் சொன்ன லட்சணம் இருக்கிறதே, அவன் பார்ப்பான், திட்டுவான், தலையில் அடித்துக்கொள்வான், என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

"நெட்டையன் விழுந்துட்டான் சாரே, சவத்துப்பய."

வாழைத்தண்டுக் காலன்! எல்லாம் அந்தந்த வரிசையில் வந்துகொண்டிருந்தது.

"கடல தின்னுதியளா சாரே?"

வேண்டாம் என்று தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் புரிந்தது, அதுவும் நடந்துவிட்டது. எல்லாமே நடந்துவிட்டது. சரஸ்வதி கரமனையில், உலர்ந்த வீட்டில், உயிரோடு இருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தப் பார்த்தார், முடியவில்லை. டவலுக்குள் தோள் குலுங்கச் சிரித்தார். டீம் இரண்டாவது கோல் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

"சாருக்கு வட்டாயிட்டுதா, கிறுக்கு பிடிச்சிட்டுதா?" என்று ராஜையன் யாரிடமோ மலையாளமும் தமிழுமாகக் கேட்டான்.

தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசற்கதவைத் தட்டினார். உள்ளே அவள் காலடி கேட்டது. கதவு திறந்தது.

"சரசு."

"என்னன்னா?"

உயிரோடுதான் இருக்கிறாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே நின்றார். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் தலையிலிருந்து டவலை எடுத்தாள்.

"கடலையை ஏன் வேண்டாம்னேள்? உங்களுக்குப் பிடிக்குமே."

அன்றைக்குச் சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். கையை நீட்டி அவள் கையைத் தேடினார். கை சில்லென்று இருந்தது. புடவைத் தலைப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பின்னலிலிருந்து தண்ணீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது.

"நீ எங்கே போயிருந்தே?"

"உங்க ஆட்டோ போன பின்னாடி பஸ் ஏறி வந்தேன். பார்வதியம்மாள்ட்ட கோவிலுக்குன்னு சொல்லிட்டேன். கேலரிக்கு எதிர்ப்பக்கம் மாமரம் இருக்கே, அதுக்கடியில நின்னுண்டிருந்தேன். கடைசி விசிலுக்கு முன்னாடியே கிளம்பியும் இப்பத்தான் உள்ளே நுழைஞ்சேன்." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு நீ எங்கேன்னு கேட்டேளே. அங்கேதான்."

ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் தெறிச்சதுன்னு சொன்னது பொய்யாக்கும். ரத்தம் எடுத்தா. அப்புறம் வயத்துல சதை எடுத்தும் பாத்தா. முத்திப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குச் சாகப் பயம் இல்லை. நான் இல்லாட்டா நீங்க கேலரியில எப்படி இருப்பேள்ங்கறதுதான் நெஞ்சை அடைச்சுது. மழையே இல்லாத அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது நிஜம்தானான்னு ஒரு தரம் பாத்துடணும்னு இருந்தது." அவள் குரல் லேசாகிவிட்டிருந்தது. "நிஜம்தான். நான் இல்லாமலும் சிரிச்சுண்டிருந்தேள். எனக்கு அது மதி."

தான் எதற்காகச் சிரித்தோம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. முப்பது வருஷத்தில் அவளிடம் அவ்வளவு கோபம் வந்ததில்லை, அவ்வளவு அழுகையும் வந்ததில்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"டிசம்பர் ஆறாம் தேதி அடுத்த மேட்ச். அதுல என்ன தெரியறது?"

அவள் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"மேட்ச் இருக்கும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை."

சாம்பசிவன் அவள் ஈரக் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"ராஜையன் நன்னாத்தான் சொல்றான்" என்றார். "ஒண்ணு விடாம சொல்றான். நீ கவலைப்படாதே."

"அதான் பாத்தேனே" என்றாள் சரஸ்வதி. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மஞ்சள் டவலைப் பிழிந்து கொடியில் போட எழுந்து போனாள்.